எண்ணிக்கை மட்டும் போதாது

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ் இல்லங்கள் சிலவற்றில் இன்று கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்தக் காண்கிறோம். அவற்றுள் 'மிஸ் கேரளா' எனப்படும் மீனைப் பற்றிச் சில கருத்துகளைச் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உடலில் ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேல் கண் வழியே ஓடும் செந்நிறக் கோடு. மலையாளத்தில் செங்கணியான். திருவிதாங்கூர் மலைப் பகுதியில் கிடைத்த இதை 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்து, சென்னை கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. அயல்நாட்டுத் தொட்டிகளுக்காக ஆற்றிலிருந்து லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டதால், இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் நிற்கிறது.

2008-இல் கேரள அரசு ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் இதைப் பிடிக்கத் தடை விதித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு ஆகிய ஆறுகளில் ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, இம்மீன் அக்டோபர் முதல் மார்ச் வரை முட்டையிடுகிறது என்று காட்டியது. ஆறு மாதங்களில் ஒரே மாதத்துக்குத்தான் பாதுகாப்பு! ரயில்வேயில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டி வரும் நேரம் தெரியாமல் கேட்டை மூடிப் பயனில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஆணும் பெண்ணும் சமமாக இல்லை, ஆண்களே அதிகம். இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஆண்களின் தொகையைப் பெண்களின் தொகையால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 50 ஆண், 50 பெண் என்றால் விடை 100. 90 ஆண், 10 பெண் என்றால் விடை வெறும் 36. கண்ணுக்கு நூறு மீன். மரபு வளத்தில் முப்பத்தாறுக்குச் சமம். ஏனெனில் குஞ்சுகள் அனைத்தின் பாதி மரபணுவும் அந்தப் பத்துத் தாய்களிடமிருந்தே வரவேண்டும்.

பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கத்தான் வழி இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். மீன்களில் ஆண், பெண் என்பது மனிதரில்போல ஒரே விதியில் அமைவதில்லை. ஜப்பானின் மெடாகா மீனில் ஆணை உண்டாக்கும் மரபணு 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டுப் பேத்தை மீன் ஒன்றில் ஒரே மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாற்றம் பாலைத் தீர்மானிப்பதாக 2012-இல் தெரிந்தது. நம் சந்தைக்கு வரும் திலேப்பியாவிலோ, குஞ்சுப் பருவத்தில் நீர் மிகவும் சூடானால் பெண்ணாக வேண்டியது ஆணாகிவிடும். ஹார்மோன் கலந்த தீனியும் அதையே செய்யும்.

எல்லாவற்றினும் எச்சரிக்கை தருவது நம் நாட்டு ஓடைகளில் வாழும் சிறிய வரிக்குதிரை மீன். காட்டு மீன்களில் உள்ள இயல்பான பால் நிர்ணயக் கூறு, ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனங்களில் தொலைந்துபோனது 2014-இல் வெளிப்பட்டது. அறிஞர்களின் கண்ணெதிரில், அவர்கள் அறியாமலே நடந்த இழப்பு அது. எனவே பண்ணை மீன் ஆற்று மீனுக்கு ஈடாகாது.

என் கருத்து இதுதான். தடை, முட்டையிடும் மாதங்களுக்குப் பொருந்த வேண்டும். ஆற்றில் விடக் குஞ்சு வளர்ப்போர், தாய் மீன் எத்தனை, தந்தை மீன் எத்தனை, எந்த ஆற்றினுடையவை என்று பதிவேடு வைக்க வேண்டும். ஓர் ஆற்று மீனை இன்னோர் ஆற்றில் கலக்கலாகாது. குழந்தைகளுக்கு மீன் வாங்கும் பெற்றோர், "இது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?" என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

நம் நெய்யாறும் அதே மலைத்தொடரின் மகள்தான். நாளை அதன் மீன்களைக் காக்க ஒரு திட்டம் வந்தால், எத்தனை குஞ்சு விட்டார்கள் என்பதோடு நிற்காமல், எத்தனை தாய்க்குப் பிறந்தவை என்றும் கேட்போம்.