யாருடைய இடத்திற்கு?

2024 ஜனவரியில், ஹரியானாவின் ரோத்தக் நகரில், நடுங்கும் குளிரில் இளைஞர்கள் நீண்ட வரிசையில் நின்றதைச் செய்திகளில் கண்டோம். இஸ்ரயேல் நாட்டில் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சென்ட்ரிங், கம்பி வளைத்தல், டைல்ஸ் ஒட்டுதல், பூச்சு ஆகிய வேலைகளில் தேர்வு. தேறியவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 1,37,000 ரூபாய். போர் நடக்கிறதே என்று கேட்டதற்கு, இங்கே வேலை இல்லையே என்றார்கள் பலர்.

அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு.

ஆனால் 'ஆள் பற்றாக்குறை' என்ற சொல்தான் நம்மை நெருடுகிறது. 2023 அக்டோபர் வரை, மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 80,000 பாலஸ்தீனர்கள் இஸ்ரயேலின் கட்டடங்களில் உழைத்தார்கள். அவர்களும் வரிசையில் நின்றவர்களே; விடியுமுன் எழுந்து, சோதனைச் சாவடிகளில். அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய கொடிய தாக்குதலுக்குப் பின் அவர்களது அனுமதிகள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்த நாட்டின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எனினும், அந்தத் தாக்குதலில் பங்கில்லாத கொத்தனாரும் தச்சரும் அல்லவா ஒரே நாளில் பிழைப்பை இழந்தார்கள்! உழைக்கும் கைகள் அங்கே குறையவில்லை, வழிதான் அடைக்கப்பட்டது.

இது முதல் முறையும் அல்ல. 1990களில் எல்லைகள் மூடப்பட்டபோது ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். நம் நாட்டுடனான பேச்சும் போருக்கு முந்தியது. 42,000 இந்தியர்களை, அவர்களில் 34,000 பேரைக் கட்டட வேலைக்கு, அனுப்ப 2023 மே மாதமே உடன்பாடு கையெழுத்தானது. போர் அதற்கு அவசரத்தைக் கூட்டியது. 2023 நவம்பரில் மத்தியத் தொழிற்சங்கங்கள் பல இதை எதிர்த்து அறிக்கை விட்டன. அதிகம் பேர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போகிறவர்களின் பாதுகாப்பு என்ன? பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். முகவரையும் ஒப்பந்தத்தையும் சரிபார்க்க அது ஒரு வழி. அந்த விதிக்கு உட்பட்ட 18 நாடுகளின் பட்டியலில் அன்று இஸ்ரயேல் இல்லை. போர் நடக்கும் நாட்டுக்கு அந்தக் காவலும் இல்லை! 2024 மார்ச் 4 அன்று, லெபனான் எல்லையருகே மார்கலியோட்டில் விவசாய வேலை செய்த கேரளத்தவர் ஒருவர் ஏவுகணை தாக்கி இறந்தார். கேரளத்தைச் சேர்ந்த வேறு இருவர் காயமடைந்தனர்.

ஒரு மாதம்கூட முடியவில்லை. ஏப்ரல் 2 அன்று, அறுபதுக்கும் மேற்பட்ட கட்டடத் தொழிலாளர்களின் முதல் குழு விமானம் ஏறியது.