வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு சைக்கிள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ‘இசட்.ஏ.’ என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியலினத்தவர் ஒருவரைப் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. செருப்புப் போடவிடாமல், புதுத்துணி உடுத்தவிடாமல், கல்யாண ஊர்வலம் போகவிடாமல் தடுப்பதும் அதே வரிசையில் வருகிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

மாணவர் கூட்டங்களில் இதைப் படித்துக் காட்டினால் பலர் சிரிக்கிறார்கள். “சைக்கிளுக்கெல்லாமா அண்ணா சட்டம்?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலும் செஞ்சி, திண்டிவனம் பக்கம் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகள்தான். சிரிக்க முடிகிறதே என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, தெரு முடிந்த பிறகு ஏறி மிதித்த கதை பல வீடுகளில் இருக்கிறது. யாரும் கேட்காததால் சொல்லப்படாமல் கிடக்கிறது.

இது பழங்கதையும் இல்லை. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் செய்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. சைக்கிள் ஓட்டக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்கிற தடைகள் 10 முதல் 20 சதவீதக் கிராமங்களில் இருந்ததை அது பதிவு செய்தது. பிறகு சைக்கிள் இருந்த இடத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. கோபமும் கூடவே வந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகக் கைகளில் வெட்டினார்கள் என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பம் புகார் கொடுத்தது. மூன்று பேர் கைதானார்கள்.

சக்கரத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆத்திரம்? நடந்து போகிறவரை நிறுத்தலாம், கூப்பிடலாம், ஓரமாக நிற்கச் சொல்லலாம். சைக்கிளில் போகிறவர் தெருவைக் கடக்கிற வேகத்தை அவரே முடிவு செய்கிறார். உட்கார்ந்துகொண்டு போகிறார், திண்ணையில் இருக்கிறவரின் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறார். வேலைக்கு எப்போது வருவது, எந்த ஊருக்கு வேலைக்குப் போவது என்பதும் அவர் கைக்கு வந்துவிடுகிறது. பண்ணையாளுக்குச் சைக்கிள் கிடைத்தால் பக்கத்து ஊரின் கூலி தெரிந்துவிடும். சாதி என்பது யார் எங்கே எப்போது நகரலாம் என்று வகுத்து வைத்திருக்கிற ஏற்பாடும்தான். சைக்கிள் அதில் கை வைக்கிறது.

இதை நம் முன்னோர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டிப் போனார். நடந்து போகிற உரிமைகூட இல்லாத சாலையில் அவர் வண்டியில் போனார். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத்தெருக்களிலும் பாதைகளிலும் யாரும் போகலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். 1983இல் கன்ஷிராம் நூறு பேரைத் திரட்டி ஏழு மாநிலங்கள் வழியாகச் சைக்கிளிலேயே போனார். கார் வாங்கக் காசில்லாததால் மட்டும் அவர் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எங்கள் எண்ணம். எந்தச் சேரிக்குள்ளும் நுழையக்கூடிய வண்டி அது.

இப்போது செஞ்சிக்கு வருவோம். ரயில் இல்லாத ஊர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற தேசிய நெடுஞ்சாலைதான் இங்கே எல்லாமும். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, கோட்டைப் பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு அந்தச் சாலை போகிறது. நெல் மூட்டை ஏற்றிய லாரி, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிற பேருந்து, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற வேன் எல்லாம் இதே ஊர் வழியாகத்தான். சுற்றுக் காலனிகளிலிருந்து கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் வருகிறவர்களும் இதே சாலையின் ஓரத்தில்தான் வருகிறார்கள். ஓரம் என்றால் தார் முடிந்து மண் தொடங்குகிற அந்த ஒரு சாண். (கோட்டையின் நான்காவது குன்றைப் புத்தகங்கள் இன்றும் சக்கிலி துர்க்கம் என்றுதான் குறிப்பிடுகின்றன. சாதிப் பெயர் மலைக்கு ஆகும், அந்தச் சாதிக்காரர் சாலையில் போவதுதான் இடைஞ்சல்.)

2025 ஜூலையில் மராத்தியர் கால ராணுவ நிலப்பரப்புகள் என்ற பட்டியலில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையையும் சேர்த்தது. பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். நமக்கும் பெருமைதான். கூடவே கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் கூடும், சாலையை அகலப்படுத்துகிற பேச்சும் வரும். அப்படி வரைபடம் போடும்போது சைக்கிளுக்கு அதில் இடம் இருக்குமா என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

எந்தச் சைக்கிள், யார் உடம்புக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. நகரங்களில் பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, தோல் சீட் மாட்டி ஓட்டுவது இன்று ஒரு ரசனை. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் நம் காலனிகளில் ஓடுகிற பழைய ஹெர்குலிஸையும் ஹீரோவையும் அட்லஸையும் யாரும் ரசனைக்காக வைத்திருக்கவில்லை. அப்பா ஓட்டியது மகனுக்கு, மகன் பைக் வாங்கிய பிறகு அம்மாவுக்கு என்று கைமாறி வந்தவை அவை. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குல ஃபிரேம், கம்பி பிரேக். மூட்டை ஏற்றி மண்ரோட்டில் ஓட்ட அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் உயரமான ஆணின் அளவுக்குச் செய்தது.

ஐந்தடி உயரப் பெண் ஒருவர் 24 அங்குல ஃபிரேமில் ஏறினால், நிறுத்தும்போது இரண்டு பாதமும் தரையைத் தொடாது. பக்கவாட்டில் சாய்த்துத்தான் இறங்க முடியும். காலனித் தெருவில் அது பெரிய விஷயமில்லை. பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற நெடுஞ்சாலையில் சாய்வது எந்தப் பக்கம் என்பதில் உயிர் இருக்கிறது. நாம் சிறுவயதில் ஓட்டிய குரங்குப் பெடலும் இதே கதைதான். சீட்டுக்கு எட்டாத பிள்ளை முக்கோணத்துக்குள் காலை விட்டு மிதிக்கிறது. இன்று அதைச் சினிமாவில் பார்த்து நெகிழ்கிறோம், ஆனால் அன்று வீட்டில் பிள்ளைக்கென்று தனியாகச் சைக்கிள் வாங்க வழியில்லை.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது பலருக்குத் தெரியும். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் எங்களுக்குப் பிடித்த விவரம் ஒன்று: லேடீஸ் சைக்கிள் போதாததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனென்றால் முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். ஆக, இந்த வண்டிதான் பெண்ணுக்குச் சரி என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. ஓட்டுகிறவரைக் கேட்க வேண்டும், உடம்பை அளக்க வேண்டும். அளப்பது எளிது. பாருக்கு மேல் கால் விரித்து நின்றால் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே விட்டு அதில் குதிகாலை வைத்தால் முட்டி நேராக வர வேண்டும். சீட் கம்பியை ஏற்றி இறக்க ஒரு ஸ்பேனர் போதும். ஃபிரேமே பெரிது என்றால் ஸ்பேனரால் ஒன்றும் ஆகாது.

அரசு தருகிற விலையில்லா சைக்கிளிலும் இதே சிக்கல். இந்தத் திட்டம் 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது என்பதே இன்று பலருக்கு நினைவில்லை. பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது, நல்லது. ஆனால் கையில் கிடைப்பது பதினொன்றாம் வகுப்பில். காலனியிலிருந்து பள்ளி தூரம் என்பதால் பத்தாவதோடோ அதற்கு முன்போ நின்றுவிட்ட பிள்ளைக்கு இந்தச் சைக்கிளால் என்ன பயன்? பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவிகள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது. மேற்கு வங்கமும் ஒன்பதிலிருந்து தருகிறது. அவர்களுக்கு முன்பே தொடங்கிய தமிழ்நாடு இன்னும் பதினொன்றில் நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே கொடு, குறைந்தது இரண்டு ஃபிரேம் அளவில் கொடு என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

பள்ளிச் சைக்கிளைப் பற்றி இன்னொன்று. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி விவாதம் நடந்ததாகவே தெரியவில்லை.

சாலை விதிக்கு வருவோம். 2022இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்தப் புள்ளிவிவர அட்டவணைகளில் வண்டிவாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாகக் கட்டங்கள் உண்டு. சாதிக்குக் கட்டம் கிடையாது. இருட்டில் ரிஃப்ளெக்டர் இல்லாத பழைய சைக்கிளில் வேலை முடித்துத் திரும்புகிறவர் யார் என்பது நமக்குத் தெரியும், அட்டவணைக்குத் தெரியாது.

முன்பு சைக்கிளுக்கு வில்லை இருந்தது, டைனமோ எரியாவிட்டால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடும். விதி என்றால் எளியவரை நிறுத்துவது என்ற அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று ஹெல்மெட் சோதனையில் பைக்கை ஓரங்கட்டுகிறார்கள். ஹெல்மெட் வேண்டும், நாங்களே போடுகிறோம், உங்களையும் போடச் சொல்கிறோம். ஆனால் ஊருக்குள் வேகத்தைக் குறைக்காத வண்டியையும், ஓரமே இல்லாமல் போடப்பட்ட சாலையையும் யார் நிறுத்துவது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலையை வகுத்துள்ள தரத்தில் வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே திருத்தம் 138ஆம் பிரிவில், நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள் பாதுகாப்புக்காக விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. ஹெல்மெட் அபராதம் ஊரறிந்தது. 198ஏ என்றால் என்ன என்று எத்தனை பேரிடம் கேட்டாலும் விழிக்கிறார்கள்.

விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் சைக்கிள்காரர் “திடீரென்று குறுக்கே வந்தார்” என்று எழுதப்படுவதை நாங்கள் பல முறை பார்த்திருக்கிறோம். அந்த ஒரு வரி பிறகு இழப்பீட்டைக் குறைக்கும். அதனால் கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், சைக்கிளையும் சாலையையும் அன்றே படம் எடுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு மாநில அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. மோதல் விபத்தல்ல, வழிமறிப்பு என்றால் கதையே வேறு. அப்போது நேராக வன்கொடுமைச் சட்டம்தான். 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. “வாய்த்தகராறு” என்று எழுதி அனுப்ப முயல்வார்கள், விடாதீர்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு நான்காம் பிரிவு இருக்கிறது.

மூத்த தோழர்கள் சிலர் எங்களைக் கேட்கிறார்கள்: “எல்லா வீட்டிலும் தவணையில் பைக் வந்துவிட்டது, இன்னும் என்ன சைக்கிள்?” வந்திருக்கிறதுதான். ஆனால் தவணை கட்ட முடியாத வீட்டில், பைக்கை மகன் எடுத்துப் போய்விட்ட வீட்டில், உரிமம் வாங்கும் வயது வராத பிள்ளைக்கு என்ன வண்டி? 2011 கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் 44.8 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது, மோட்டார் இருசக்கர வண்டி 21 சதவீதத்தில்தான். அதற்குப் பிறகு கணக்கு மாறியிருக்கும். மாறாமல் சைக்கிளில் மிஞ்சி இருப்பவர்கள்தான் நம் கவலை. வசதியானவர்கள் இறங்கிவிட்ட எந்த வண்டியையும் அரசு மறந்துவிடும்.

செஞ்சி பேரூராட்சி என்பதால் அங்கே கிராமசபை கிடையாது, சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. அடுத்த கிராமசபைக்கு முன் ஒவ்வொரு காலனியிலும் மூன்று கணக்கு எடுக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம்: எத்தனை சைக்கிள் ஓடுகிறது, ஓட்டுகிறவரின் கால் தரையைத் தொடுகிறதா, எந்தத் தெரு வந்தால் இன்னும் இறங்கித் தள்ளுகிறார். மூன்றாவது கேள்வியைப் பெரியவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். வரக்கூடிய மாணவர்கள் ஒரு நோட்டும், தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு அளவு டேப்பும் கொண்டு வாருங்கள்.