பிரஷர் ஏத்தாதீங்க பாஸ்!

எல்லா மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டிலும் நாலு பேர் இருப்பாங்க. கையில ஸ்பேனர் கிடைச்சா போதும், ஏதாவது ஒன்றைக் கழற்றிடுவாங்க. எங்க செட்டில் அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன்.

நண்பனின் அப்பாவுடைய பழைய கார் ஒன்று ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 'எடுத்து ஓட்டுங்கடா, ஆனா பத்திரம்' என்று சாவியைக் கொடுத்தார் அந்த நல்ல மனிதர். விடுவோமா? ஏர் ஃபில்டர் மாற்றினோம், சைலன்ஸர் மாற்றினோம், கெத்துக்காக டேஷ்போர்டில் ஒரு ஆயில் பிரஷர் மீட்டரும் மாட்டினோம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இன்ஜின் நல்லா சூடான பிறகு சிக்னலில் நின்றால், முள் கீழே படுத்துவிடும். ஆயில் லைட் வேறு சிவப்பாகக் கண் சிமிட்டும். 'ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் முட்டுக் கொடுத்தா பிரஷர் ஏறும் மச்சி' என்றான் ஒருத்தன். கொடுத்தோம். ஹைவேயில் மிதித்தால் முள் ஜம்மென்று ஏறியது! டீக்கடையில் ட்ரீட் வேறு. ஆனால் சிக்னலில் மட்டும் அந்த லைட் பழையபடியே கண் சிமிட்டியது.

ஒரு மார்கழிக் காலை. ஸ்டார்ட் பண்ணின சூட்டோடு சும்மா ஒரு உறுமல் கொடுத்தான் நண்பன். ஆயில் ஃபில்டரின் ரப்பர் கேஸ்கெட் பிதுங்கி, ஆயில் எல்லாம் ரோட்டில். எங்களுக்குத் தெரியாது. லைட் எரிந்தது. 'அது எப்பவும் அப்படித்தான்டா!' என்று போய்க்கொண்டே இருந்தோம். ரெண்டு கிலோமீட்டர் தாண்டி 'கடகட'வென்று ஒரு சத்தம். அப்புறம் நிசப்தம். இன்ஜின் சீஸ்!

நாங்க செஞ்ச தப்பு என்ன? வாங்க, கிச்சனுக்குப் போவோம்.

குக்கர் வெயிட் தத்துவம்

கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது ஆயில் பம்பும் சேர்ந்து சுற்றும். வேகம் கூடக் கூட அது தள்ளுகிற ஆயிலும் கூடும். தேவைக்கு மேல் வருவதைத் திருப்பி அனுப்பத்தான் ரிலீஃப் வால்வு. ஒரு குட்டி பிஸ்டன், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான்! பிரஷர் ஸ்பிரிங்கை ஜெயித்ததும் வழி திறக்கும், மிச்ச ஆயில் திரும்பிப் போய்விடும்.

குக்கர் வெயிட்டும் இதே கதைதான். அடுப்பு சிம்மில் இருக்கும்போது வெயிட் எழும்பவே இல்லை. அப்போது அதைவிட கனமான வெயிட்டை வைத்தால் உள்ளே பிரஷர் கூடுமா? கூடாது இல்லையா? ஐடிலில் நிற்கிற இன்ஜினும் அப்படித்தான். அந்த நேரம் ரிலீஃப் வால்வு மூடித்தான் இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு டைட் பண்ணினாலும் சிக்னலில் முள் எழுந்திருக்காது.

அப்படின்னா ஐடிலில் பிரஷர் ஏன் விழுது? பம்ப் தருவது ஓட்டம் மட்டும்தான். அந்த ஓட்டத்துக்குக் கிடைக்கிற எதிர்ப்புதான் பிரஷராக மீட்டரில் தெரிகிறது. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி 2 அங்குல ஷாஃப்ட்டுக்கு சுமார் 0.002 அங்குலம் என்பது பழைய கணக்கு. ஏறக்குறைய ஒரு தலைமுடி! பேரிங் தேய்ந்து அது அகலமானால் ஆயில் சுலபமாக வழிந்துவிடும், முள் படுத்துவிடும். ஆயில் நீர்த்தாலோ பம்ப் தேய்ந்தாலோ இதே கதிதான்.

அப்போ ஸ்பிரிங் அப்கிரேடே தப்பா?

இல்லை! ரேஸ் இன்ஜின்களில் அதற்கு நியாயமான காரணம் உண்டு. 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது அமெரிக்க வி-8 ரேஸ் ஆட்களின் நெடுநாள் கணக்கு. 7,000 வரை முறுக்கினால் 70 வேண்டும். வால்வு 50-லேயே திறந்துகொண்டால் பற்றாது. அங்கே கனமான ஸ்பிரிங் சரிதான்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கு. பம்பைச் சுற்ற இன்ஜின் கூடுதல் பவர் செலவழிக்கணும். ஆயில் சூடாகும். பம்ப் கியருக்கும் அதைச் சுற்றுகிற டிரைவுக்கும் சுமை ஏறும். விடியற்காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பிரஷர் எகிறி ஃபில்டர் கேஸ்கெட்டைப் பதம் பார்க்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்!

காட்ஜில்லாவுக்கே இந்த கதி!

1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2,568 சி.சி., ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 29 ரேஸ், 29 வெற்றி! ஆஸ்திரேலியப் பத்திரிகைக்காரர்கள் மிரண்டு போய் 'காட்ஜில்லா' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த இன்ஜினை ட்யூன் பண்ணுகிறவர்களின் தலைவலி என்ன தெரியுமா? ஆயில்தான்! தொடர்ந்து அதிக ஆர்.பி.எம்.மில் ஓட்டினால், சிலிண்டர் ஹெட்டுக்குப் போகிற ஆயில் சீக்கிரம் இறங்கி வராமல் மேலேயே தேங்கிவிடும். கீழே சம்ப் காலி. பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். இதில் பிரஷரை மட்டும் ஏற்றினால் இன்னும் அதிக ஆயில் மேலே போகும். வியாதியே வளரும்!

அதனால் ட்யூனர்கள் தலைகீழாக யோசித்தார்கள். ஹெட்டுக்குப் போகிற பாதையில் ரெஸ்ட்ரிக்டர் போட்டு ஓட்டத்தைக் குறைத்தார்கள். திரும்பி வருகிற வழியைப் பெரிசாக்கினார்கள். சம்ப்பை அகலப்படுத்தினார்கள். ஆரம்ப மாடல்களில் கிராங்க் ஷாஃப்ட் பம்பைப் பிடித்துச் சுற்றுகிற பகுதி குறுகலாக இருந்ததால் பம்ப் கியர் உடைகிற பிரச்னையும் உண்டு. அதற்கு அகலமான காலர், உறுதியான ஸ்டீல் கியர். இத்தனையும் பண்ணிய பிறகுதான் பிரஷர் பற்றிய பேச்சு.

நீங்க என்ன செய்யணும்?

முதலில் ஆயில் லெவல், சரியான கிரேடு. அடுத்து, நல்ல மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, மீட்டர் பொய் சொல்கிறதா என்று பாருங்க. எல்லா வேகத்திலும் பிரஷர் கம்மியா? ரிலீஃப் வால்வில் தூசு சிக்கித் திறந்தே கிடக்கலாம். வளைவில் மட்டும் முள் விழுகிறதா? ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அதற்கு மருந்து சம்ப்புக்குள் தடுப்புத் தகடு. சூடான ஐடிலில் மட்டும் விழுகிறதா? பேரிங்கையும் பம்பையும் பாருங்க. ஸ்பிரிங் கடைசி. அதுவும் பம்ப் கம்பெனி தருகிற ஸ்பிரிங். டப்பாவில் தேடி எடுத்த வாஷர் கிடையாது!

எங்க இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் அண்ணன் ஒரு பேரிங்கைக் கையில் கொடுத்தார். மேல் பூச்சு தேய்ந்து செப்பு நிறம் தெரிந்தது. 'இது நேத்து தேஞ்சது இல்ல தம்பி. ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்திருக்கு' என்றார்.

அன்றைக்குச் சாயந்திரம் நாலு பேரும் நண்பனின் அப்பா முன்னால் தலை குனிந்து நின்றோம். திட்டுவார் என்று பார்த்தால், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'லைட் எரிஞ்சுதா?'

'எரிஞ்சுது அங்கிள்...'

'அப்புறம் ஏன்டா ஓட்டினீங்க?'

இன்னிக்கு வரைக்கும் அதற்கு எங்ககிட்ட பதில் இல்லை. உங்க டேஷ்போர்டில் ஏதாவது லைட் கண் சிமிட்டுதா? முதல்ல வண்டியை ஓரங்கட்டுங்க பாஸ்!