பில்லில் ஏறாத கறிவேப்பிலை

எடிசன் தம்பி மறுபடியும் பட்டியல் அனுப்பிவிட்டான். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். இட்லி மாவு பொங்கவேண்டும் என்று ஹீட்டர் மேல் பாத்திரத்தை வைத்து வாடகை வீட்டுச் சுவரைப் பாழாக்கிய அதே ஆள். நியூஜெர்சியில் எடிசன் என்று ஓர் ஊர். அங்கே ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம்மவர்களின் மளிகைக் கடைகள். வாராவாரம் போய்விட்டு வந்து, பில்லைப் படம் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 90ஆல் பெருக்கிய தொகையைச் சிவப்பில் எழுதி, குடும்பக் குழுவில் போட்டுவிடுவான். முருங்கைக்காய் இவ்வளவு, சின்ன வெங்காயம் இவ்வளவு. கடைசியில் ஒரு வரி: “அக்கா, நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க.”

என்னைக் கடுப்பேற்றியது அந்தக் கடைசி வரிதான். சம்பளத்தையும் அதே 90ஆல் பெருக்கி ஒருநாள் குழுவில் போடட்டுமே. போடமாட்டான்.

நாட்டுக்கு நாடு விலையை ஒப்பிடுவது இப்படி வாட்ஸாப்பில் முடிகிற காரியம் இல்லை. தி எகானமிஸ்ட் பத்திரிகை 1986இல் மெக்டொனால்ட்ஸின் பிக் மேக்கை வைத்து விளையாட்டாக ஒரு குறியீடு தொடங்கியது. மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் விற்பதில்லை என்பதால், நமக்கு மட்டும் கோழி போட்ட மகாராஜா மேக்கின் விலையை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்திலேயே உதைக்கிறது பாருங்கள். உலக வங்கி ஒருங்கிணைக்கும் பெரிய கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான சுற்றில் 176 பொருளாதாரங்கள்; முடிவு வெளியானது 2024 மே மாதம். அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குவதை இங்கே சுமார் 20 ரூபாய்க்கு வாங்கிவிடலாம் என்பது அந்தக் கணக்கின் சாரம். ஆனால் அது முடிவெட்டு, வீட்டு வாடகை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்ந்த சராசரி. மளிகைக்கு மட்டும் பார்த்தால் அத்தனை சல்லிசு இல்லை. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. கப்பலுக்கு நம் சம்பளம் தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நம் சில்லறை விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதமாக இருந்தது. அமெரிக்கக் குறியீட்டில் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் பொருட்களின் பங்கு 8 சதவீதம் போல. தக்காளி விலை ஏறினால் தம்பிக்கு எரிச்சல். இங்கே ரசத்தில் புளி கூடும், தக்காளி குறையும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது ஞாபகம் இருக்கும். அதே மாதம் 20ஆம் தேதி மத்திய அரசு பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அமெரிக்காவிலுள்ள நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைக்கு முண்டியடித்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தம்பியும் அந்தக் கூட்டத்தில் நின்றான். அந்த வாரம் மட்டும் பட்டியல் வரவில்லை.

சரி, விலைவாசி பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த வாரப் பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது. கறிவேப்பிலை, சின்ன பாக்கெட், இரண்டு டாலர். பக்கத்தில் சிவப்பில் 180. அதைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற இலைக்கு 180 ரூபாய் கொடுத்தவனிடம் சண்டை போட முடியுமா?

இந்த விலைக்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. கறிவேப்பிலையும் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்று கடுகளவுப் பூச்சி, கறிவேப்பிலைக் கொழுந்தில் சுகமாகக் குடியிருக்கும். மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே பூச்சி ஆரஞ்சு மரத்துக்குத் தாவினால் ஒரு பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காய் பச்சையாகவே நின்று, கசந்து, உதிரும், மரமும் சாகும். ஃப்ளோரிடாவில் இந்த நோயை 2005இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் 2003-04 பருவத்தில் அங்கே விளைந்த ஆரஞ்சு சுமார் 24 கோடிப் பெட்டி. இப்போது 2 கோடிப் பெட்டிகூடத் தேறுவதில்லை. நோயோடு புயலும் வீட்டுமனைகளும் சேர்ந்துகொண்டன என்றாலும், அடியைத் தொடங்கிவைத்தது அந்தக் கடுகுதான். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே அதிகாரிகள் பிடுங்கிக் குப்பையில் போடுவதும் இதனால்தான். அம்மா ஈரத்துணியில் சுற்றி, புடவை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோனது அப்படித்தான் போனது. “சாம்பார்ல போடற எலை, இதுல என்னடா குத்தம்?” என்று அந்த அதிகாரியிடம் தமிழிலேயே கேட்டிருக்கிறாள்.

தம்பி வீட்டில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. கோடையில் வராந்தாவில், பனிக்காலத்தில் கூடத்தில், அதற்கென்று தனி விளக்குப் போட்டு. விருந்தாளிக்குத் தூங்க இடமில்லாத நாளிலும் செடிக்கு இடமுண்டு. அந்த விளக்குக்கான மின்கட்டணத்தை 90ஆல் பெருக்கி அவன் ஒருபோதும் எழுதியதில்லை.

இந்தப் பக்கம் வாருங்கள். மேட்டுப்பாளையம், காரமடை வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராகக் கறிவேப்பிலை பயிராகிறது. கட்டுக் கட்டாகச் சென்னைக் கோயம்பேடு சந்தைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தெருக் காய்க்காரம்மாவின் தள்ளுவண்டிக்கு வந்து, கடைசியில் என் பையில் எடை போடாமல், விலை சொல்லாமல் விழுகிறது. கொசுறு. கூட நாலு கொத்தமல்லிக் காம்பு, மனநிலை நன்றாயிருந்தால் ஒரு பச்சைமிளகாய். குறியீட்டுக்காக விலை சேகரிக்க வருகிற அதிகாரி இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? பில்லே இல்லையே.

சூப்பர் மார்க்கெட்டில் அதே இலை பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து பட்டைக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் பழைய புலம்பல் இது, தெரியும். செயலிக்காரர்கள் இன்னும் வேடிக்கை. 2024 மே மாதம் மும்பைக்காரர் ஒருவர், கொத்தமல்லிக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதைக் கண்டு தன் அம்மாவுக்கு மாரடைப்பே வரப்பார்த்தது என்று எழுதிப்போட, பிளிங்கிட் நிறுவனத் தலைவர் உடனே குறிப்பிட்ட அளவு காய் வாங்குகிறவர்களுக்குக் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தார். நாடே கைதட்டியது. நான் தட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு என்று கணினி நிறுத்துக் கொடுப்பது எப்படிக் கொசுறாகும்? கொசுறு என்றால் கேட்கவேண்டும், அவர் முறைக்கவேண்டும், பிறகு போடவேண்டும்.

மார்கழி, தையில் இந்தக் கொசுறு ஏற்பாடு ஆட்டம் காணும். குளிரில் கறிவேப்பிலை துளிர்க்காது, வரத்துக் குறையும், விலை எகிறும். இந்த வாரம் காய்க்காரம்மா என் பையில் போட்டது ஒரே ஒரு ஈர்க்கு. நான் அதைத் தூக்கிப் பார்த்த பார்வையை அவர் கவனித்துவிட்டார்.

“இன்னாம்மா பாக்குற? கட்டு என்னா வெல தெரியுமா? ராவுல மூணு மணிக்கு எந்திரிச்சுப் போயி துட்டு குடுத்துதான் வாங்கியாறேன். எனக்கு யாரு சும்மா குடுக்கறா?”

இத்தனை வருஷமாக எப்படித்தான் கட்டுப்படியாகிறது என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

“கத்திரிக்கால ரெண்டு ரூவா ஏத்தி வெச்சுடுவேன். அதுலதான் எடுக்குறது. கத்திரிக்கா இல்லாத வூடு ஏது?”

எங்கள் வீடு. என் கணவருக்குக் கத்திரிக்காய் தின்றால் அரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து வாங்கியதே இல்லை. எதிர்வீட்டில் வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. இத்தனை காலமும் என் வீட்டு ரசத்துக்குத் தாளித்துக் கொண்டிருந்தது அவர்கள்தான் போலிருக்கிறது. காய்க்காரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. எதிர்வீட்டிலும் சொல்லப்போவதில்லை, இந்தப் பத்திரிகையை அவர்கள் வாங்குவதில்லை என்பது ஒரு சௌகரியம்.