தைப்பூச நோன்பும் தொழிலாளியின் உரிமையும்

தை மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிப் பூச நட்சத்திரம் கூடும் தினம் தமிழருக்கு ஒரு பெருநாள். பழனியிலும் திருச்செந்தூரிலும் மட்டுமல்ல. தமிழன் கப்பலேறிச் சென்ற தேசங்கள் பலவற்றிலும் அன்று "அரோகரா" என்னும் கோஷம் வானைப் பிளக்கிறது. கோலாலம்பூரை அடுத்த பத்துமலையிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோயிலிலும், மொரீஷியஸிலும், தென்னாப்பிரிக்காவிலும் காவடிகள் ஆடுகின்றன. பத்திரிகைகள் வருஷந்தோறும் இந்த விழாவைப் பற்றி எழுதத் தவறுவதில்லை. கூட்டத்தின் தொகை, தேரின் அலங்காரம், அலகு குத்திக்கொண்ட பக்தரின் படம் ஆகிய யாவும் வெளியாகின்றன. ஆனால் அந்தக் காவடியைத் தோளில் சுமப்பவன் யார், அன்றைய தினம் அவனுக்குக் கூலி உண்டா என்ற கேள்வியைக் கேட்போர் அரியர். இன்று நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

மலாய் நாட்டில் இந்த விழாவை ஒரு பெருவிழாவாக ஆக்கியவர்கள் அரசர்களல்லர், ஆதீனங்களுமல்ல. பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் கண்டவர் தம்புசாமிப் பிள்ளை என்ற வர்த்தகர். 1891-ம் வருஷத்தில் கோயில் ஏற்பட்டது. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. சிங்கப்பூரில் தெண்டாயுதபாணி கோயிலை 1859-ல் எழுப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். செல்வர்கள் கோயில் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் கோயிலுக்கு உயிர் கொடுத்தவர்கள் யார்? ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும், ரயில் பாதைக்குக் கல் சுமந்தவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுமே. ஒப்பந்தக் கூலி முறை அந்நாட்டில் 1910-ல் ஒழிந்தது; கங்காணி முறை அதன் பிறகும் நீடித்தது. 1938-ல் இந்திய சர்க்கார் தொழிலாளரை அங்கே அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழை ஜனங்கள் சென்றுகொண்டேயிருந்தார்கள்.

அவர்களுடைய வாழ்வில் அவர்களுக்கென்று என்ன இருந்தது? குடியிருந்த லயன் தோட்டத்துக்குச் சொந்தம். காலையில் எழுந்திருக்கும் நேரம் கிராணியாருக்குச் சொந்தம். பெற்ற கூலியில் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போயிற்று. 1941-ல் கிள்ளான் பிரதேசத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கூட அவர்கள் கேட்டவை எவை? கள்ளுக்கடையை மூடுங்கள் என்றார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற அவமானத்தை நீக்குங்கள் என்றார்கள். இதற்கு விடையாக ராணுவம் வந்தது. தொழிலாளர் சிலர் உயிர் இழந்தனர். இத்தகைய வாழ்வில் வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தொழிலாளி கள்ளை விட்டான், மாமிசத்தை விட்டான், தரையில் படுத்தான், ஒரு வேளை உண்டான், பிறகு தானே விரும்பி ஏற்ற ஒரு சுமையைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறினான். ஆண்டு முழுவதும் பிறருக்காகச் சுமந்தவன் அன்று ஒரு நாள் தன் தெய்வத்துக்காகச் சுமந்தான். அந்தச் சுமையை அவன் மீது ஏற்றியவர் எவருமில்லை. அவனுக்கு முழு உடைமையாக இருந்தது அந்த நோன்பு ஒன்றே.

காவடியின் தத்துவமும் இதுவே. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பன், பழனியில் முருகனுடைய அருளைப் பெற்றான் என்பது புராண வரலாறு. இடும்பன் அரசனல்லன், சுமை சுமந்தவன். சுமப்பவனையே முதல் பக்தனாக வைத்த சமயம் நமது சமயம். ஆகையால் காவடியைக் கண்டு முகம் சுளிக்கும் படித்த கூட்டத்தாருக்கு நாம் சொல்லிக்கொள்வது ஒன்றுண்டு. அலகு குத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். குழந்தை நோயிலிருந்து பிழைத்ததற்காக ஒரு தாய் எடுக்கும் பால்குடத்தின் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பளிப்பது நியாயஸ்தலத்துக்கு அடுத்ததன்று.

இனி, சட்டம் இந்த நோன்புக்கு என்ன மதிப்பளிக்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரில் தைப்பூசம் ஒரு காலத்தில் பொது விடுமுறையாக இருந்தது. 1968-ல், உலகச் சந்தையில் போட்டியிடும் திறனைப் பெருக்கவேண்டும் என்ற காரணத்தைக் கூறி, அந்நாட்டு சர்க்கார் விடுமுறைகளைக் குறைத்தது. தீபாவளி, தைப்பூசம் இரண்டில் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இந்துக்களுக்கு ஏற்பட்டது. தீபாவளி தங்கிற்று, தைப்பூசம் போயிற்று. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கூடச் சில நாட்களை இழந்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சர்க்கார் ஒரு சமயத்தாரை மட்டும் வஞ்சித்தது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அதன் பலன் என்ன? சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி சுமக்கும் தொழிலாளி, தன் வருஷாந்தர விடுப்பில் ஒரு நாளைச் செலவிட்டாகவேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் அந்நாட்டுச் சட்டம் உறுதியளிக்கும் விடுப்போ 7 நாட்களே. ஊரில் தாய் நோய்வாய்ப்பட்டால் அதற்கும் அந்த ஏழு நாட்களிலிருந்தே எடுக்கவேண்டும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் அங்கே செல்கிற நமது இளைஞர்களை எண்ணும்போது, இது அயல்நாட்டு விவகாரம் என்று நாம் வாளாவிருக்க இயலாது.

மலேசியாவில் நிலைமை மேலானது. சிலாங்கூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறை; 2008 முதல் கோலாலம்பூரிலும் புத்ராஜயாவிலும் விடுமுறை. ஆயினும் அந்நாட்டு 1955-ம் வருஷத்துத் தொழிற் சட்டத்தை ஊன்றிப் படித்தால் ஒரு ஓட்டை தென்படும். கூலியுடன் கூடிய 11 விடுமுறைகளில் ஐந்து மட்டுமே கட்டாயமானவை. அவற்றில் தைப்பூசம் இல்லை. மற்றவற்றைப் பொறுக்கியெடுப்பவர் முதலாளி. கெடா மாநிலத்திலோ இந்த விடுமுறை நிலையான சட்டத்தின் மீது நிற்காமல் ஆட்சியாளரின் அறிவிப்பைப் பொறுத்திருந்தது. 2021-ல் அது ரத்து செய்யப்பட்டது. தயவினால் வந்தது தயவு நீங்கினால் போய்விடும். இதற்கு மாறாக, தமிழர் சிறுபான்மையாக வாழும் மொரீஷியஸ் தீவில் தைப்பூசக் காவடி நாள் தேசம் முழுவதற்கும் பொது விடுமுறை. சிறிய தீவு காட்டும் இந்தப் பெருந்தன்மையைப் பெரிய தேசங்கள் கவனிக்கவேண்டும்.

பிறரைக் குறை கூறும் முன் நமது முற்றத்தையும் பார்ப்போம். முருகனுடைய ஆறு படைவீடுகளையும் தன்னிடத்தே கொண்ட தமிழ்நாட்டில் தைப்பூசம் பொது விடுமுறையானது எப்போது? 2021-ம் வருஷத்தில்தான்! கடல் கடந்த தமிழர் பெற்றிருந்ததைத் தாய்நாட்டுத் தமிழர் இத்தனை காலம் கழித்தே பெற்றார்கள். அதிலும் பெற்றவர் யார்? சர்க்கார் காரியாலயங்களும் பள்ளிக்கூடங்களும் மூடுகின்றன. தொழிற்சாலைகளைப் பற்றிய 1958-ம் வருஷத்துச் சட்டம் தேசிய தினங்கள் 4, பண்டிகை தினங்கள் 5 என்று வரையறுத்திருக்கிறது. அந்த ஐந்தில் தைப்பூசம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நாட்கூலிக்குச் செங்கல் சுமப்பவனுக்கோ எந்தச் சட்டமும் துணையில்லை. பழனிக்குப் பல நாள் பாதயாத்திரை செல்லும் கூட்டத்தில் பெரும்பாலோர் இத்தகையவரே. நோன்பு நோற்பவனுக்கு விடுமுறை இல்லை. விடுமுறை பெற்றவரில் பலருக்கு நோன்பு இல்லை. இது விசித்திரமான நிலைமை.

ஆக்ஷேபணை எழும் என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு சமயத்தாரும் ஒவ்வொரு நாளைக் கேட்டால் உற்பத்தி என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் விடையும் கடினமானதன்று. எல்லோரும் ஒரே நாளில் வேலையை நிறுத்தவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும், வருஷாந்தர விடுப்புக்குப் புறம்பாக, கூலியுடன் கூடிய ஒரு நாளைச் சட்டம் அளிக்கட்டும். அது எந்த நாள் என்பதைத் தொழிலாளியே தேர்ந்துகொள்ளட்டும். முருகன் அடியார் தைப்பூசத்தை எடுத்துக்கொள்வார். முஸ்லிம் சகோதரர் நபிகள் பிறந்த நாளை எடுத்துக்கொள்வார். கிறிஸ்தவர் ஈஸ்டரை அடுத்த திங்களை எடுத்துக்கொள்வார். ஆலை நிற்காது, எந்தச் சமயத்தாருக்கும் பட்சபாதம் இராது, ஒருவன் வழிபடும் நாளை இன்னொருவன் தேர்ந்தெடுக்கும் அநீதியும் ஒழியும். தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா மூன்றுக்கும் நாம் சொல்லும் யோசனை இதுவே.

உரிமையைக் கேட்பவர் தமது பக்கத்தையும் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். சிங்கப்பூரில் காவடி ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்கு 1973-ல் தடை ஏற்பட்டது. பல வருஷங்களுக்குப் பின், 2016-ல்தான், பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரில் வாசிக்க அனுமதி கிடைத்தது. மேளமில்லாத காவடி உப்பில்லாத உணவு. தடை மிகையானதே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் கோஷ்டிகளுக்குள் போட்டியும் சண்டையும் அந்தத் தடைக்குக் காரணம் காட்டப்பட்டன என்பதை மறைப்பதில் பயனில்லை. இன்றும் சில இடங்களில் நடப்பதைப் பார்க்கிறோம். சினிமாப் பாட்டுக்குக் காவடி ஆடுகிறது. நோன்பு நோற்காதவன் படம் பிடிக்கப்படுவதற்காக அலகு குத்திக்கொள்கிறான். காவடியோடு வரும் வாலிபர் சிலரிடம் மது நாற்றம் வீசுகிறது. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டு 1941-ல் தோட்டாவுக்கு மார்பு காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது அழகா? பினாங்கில் தேருக்கு முன் தேங்காய்கள் மலைமலையாக உடைபட்டுத் தெருவில் கிடந்து வீணாகின்றன. நேர்த்திக்கடனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஒரு தேங்காய் உடைத்து, மீதிக்கு ஈடான பணத்தை ஏழை மாணவன் புத்தகத்துக்குக் கொடுத்தால் முருகன் மறுக்கப் போவதில்லை.

இந்த இடத்தில் வடலூர் நமது நினைவுக்கு வருகிறது. இராமலிங்க சுவாமிகள் அங்கே 1867-ல் தருமசாலையைத் திறந்து, வந்தவர்க்கெல்லாம் உணவளிக்க ஏற்பாடு செய்தார். 1872-ல் சத்திய ஞான சபையை நிறுவினார். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்தன்று அங்கே ஏழு திரைகளை நீக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். பழனியில் உடலை வருத்தும் நோன்பு. வடலூரில் பிறர் பசியை நீக்கும் நோன்பு. நாள் ஒன்றே, நோன்பும் ஒன்றே. இரண்டிலும் மனிதன் தன்னைக் குறைத்துக்கொள்கிறான். பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பக்தருக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்து அன்னமளிக்கும் மலேசியத் தமிழர், பழனியையும் வடலூரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். இந்த அம்சமே விழாவின் சிகரம். அலங்காரமும் ஆரவாரமும் இதற்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

ஆலய நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இது: காவடிக்குப் பதிவு செய்யும்போது கட்டணத்தை மட்டும் கேளாதீர்கள்; நோன்பைப் பற்றியும் கேளுங்கள். வாலிபர்களுக்கு: உங்கள் முன்னோர் சுமந்தது அலுமினியத்தையும் மயிற்பீலியையும் மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் மானத்தையும் சுமந்தார்கள் என்பதை மறவாதீர்கள். முதலாளிகளுக்கு: அன்று ஒரு நாள் உங்கள் பட்டறையில் ஒரு கை குறைந்தால், மறுநாள் இரட்டை உள்ளத்தோடு அந்தக் கை திரும்பிவரும். சர்க்கார்களுக்கு: இரும்புத் தடுப்பு வைப்பதும் போலீஸை நிறுத்துவதும் மட்டும் உங்கள் கடமையல்ல, நோன்பு நோற்பவனுக்கு அவனுடைய நாளைத் திருப்பிக் கொடுப்பதும் உங்கள் கடமையே.

வருஷத்தில் 364 நாட்கள் உலகத்தின் சுமையைத் தாங்கும் தோள் அது. ஒரு நாள் அது தன் விருப்பப்படி ஒரு காவடியைத் தாங்கட்டும். அதற்காக அவன் கூலியை இழக்கலாகாது. எவரிடத்தும் கெஞ்சி நிற்கலாகாது. அந்த நிலை ஏற்படும் வரையில் தைப்பூசம் நம்முடைய விழா என்று பெருமை பேசுவதற்கு நமக்கு முழு யோக்கியதை உண்டாகாது.