நெல் வரைபடம் யார் கையில்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் படுகையின் மேல் மேகம் கலைவது அரிது. சம்பாப் பயிர் வேர்பிடித்துத் தூர்கட்டும் காலமும் அதுவே. வெயிலொளியை நம்பிப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு அந்த வாரங்களில் தெரிவது பெரும்பாலும் வெண்மேகம் மட்டுமே. எந்த வயல் நடவானது, எது தரிசாகக் கிடக்கிறது என்று அறியவேண்டிய நேரத்தில்தான் அவை பயன்படாமல் போகின்றன. இக்குறையைத் தீர்த்தது ரேடார்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-இல் ஏவிய சென்டினல்-1 செயற்கைக்கோள் தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல. நடவுக்காக நீர் கட்டிய வயல், கண்ணாடிபோல் அலைகளை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளரத் திரும்பிவரும் அலை கூடி, அதே இடம் வெளுக்கும். 12 நாள்களுக்கு ஒருமுறை கிடைக்கும் படங்களில் இம்மாற்றத்தைத் தொடர்ந்தால், நெல் பயிரான பரப்பையும் ஏறக்குறைய நட்ட வாரத்தையும் சொல்லிவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து இப்பணியைத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார், இத்தகைய தரவை இன்னும் பெருக்கப்போகிறது.

இந்தப் படம் பணமாக மாறும் இடம் பயிர்க் காப்பீடு. பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் அலகின் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்க இயலாமல் போனால், காப்புத் தொகையில் 25 விழுக்காடு இழப்பீடாகக் கிடைக்கும். ஊர் முழுவதும் தரிசா, பயிரா என்ற இக்கேள்விக்கு ரேடார் விரைவாகவும், பெரும்பாலும் சரியாகவும் விடை தரும். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

விளைச்சல் கணக்கு வேறு. நெல்லுக்கும் கோதுமைக்கும் 2023 முதல், விளைச்சல் மதிப்பீட்டில் குறைந்தது 30 விழுக்காடு எடை தொழில்நுட்ப வழிக் கணிப்புக்குத் தரப்படவேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. ரேடார் காண்பது இலையும் தண்டும் ஈரமும். மணியை அது காண்பதில்லை. பூக்கும் தருணத்தில் அடைமழை பெய்து கதிர் பதராகிப்போன வயலும், நன்கு மணிபிடித்த வயலும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றலாம். நாகை, திருவாரூர் கடைமடைப் பகுதிகளில் புழுதியில் நேரடியாக விதைப்போர் பலர். அவர்கள் வயலில் அந்தத் தொடக்கக் கறுப்பே தெளிவாக விழாது. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம். ஒரு மா நிலத்துக்குப் பதின்மூன்று புள்ளிகள்தாம். வரப்பையும் பக்கத்து வயலையும் தொட்டு நிற்பவற்றைக் கழித்தால் எஞ்சுவன எத்தனை?

அறுவடைப் பரிசோதனை ஒன்றை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். 5 மீட்டர் நீள அகலத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் பயிரை அறுத்து, அடித்து, எடை போட்டார்கள். முளை எங்கே அடிப்பது என்பதிலேயே வாக்குவாதம். தராசைப் பற்றியும் ஒருவர் ஐயம் எழுப்பினார். குறைகள் மலிந்த முறைதான். ஆயினும் அந்த ஊராரால் அந்தத் தராசோடு சண்டையிட முடிந்தது. கணினி மாதிரியோடு அவர்கள் எப்படிச் சண்டையிடுவார்கள்?

பொருளியலில் ‘தகவல் சமச்சீரின்மை’ என்பதை 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. காப்பீட்டில் இதுவரை நிலவரம் அறிந்தவர் உழவர், அறியாதது நிறுவனம் என்றே பாடம் நடத்தினோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். வரைபடம் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தால் அந்தப் பாடம் தலைகீழாகிறது. சென்டினல் தரவு உலகுக்கே இலவசம். ஆனால் அதிலிருந்து வரையப்பட்ட தன் ஊரின் நெல் வரைபடத்தை, இழப்பீடு முடிவாகும் முன் பார்த்த உழவர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொன்று, வயலில் நெல் இருப்பதை ரேடார் சொல்லும். யாருடைய நெல் என்று சொல்லாது. படுகையில் கோயில் நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் வாய்மொழிக் குத்தகை இன்றும் பரவலாக இருக்கிறது. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி பதிவாகாத குத்தகைதாரரின் பெயர் அடங்கலில் ஏறாவிட்டால், எத்தனை துல்லியமான படமும் அவருக்கு ஒரு ரூபாய் பெற்றுத்தராது.

கேட்பது அதிகமில்லை. நடவு முடிந்த பின் ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை, புல எண்ணோடு கூடிய வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். பதினைந்து நாள் மறுப்புத் தெரிவிக்கக் காலம் தந்து, மறுத்தவரின் வயலை நேரில் பார்க்க வேண்டும். அடுத்த சம்பாவுக்குள் படுகை மாவட்டம் ஒன்றிலேனும் இதைச் செய்து பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.