பட்டம் எதற்குச் சான்று?

மலக்குழியொன்று தம் கிணற்றுக்கு மிக அண்மையில் வெட்டப்பட்டமையால் நீர் கெட்டுவிட்டது என்று வழக்காடிய ஒரு கமக்காரருக்காக, சில ஆண்டுகளுக்கு முன் நாம் மன்றிலே தோன்றினோம். யாழ்ப்பாணத்தில் இத்தகைய வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. எம் தரப்பில் உயிரியற் பட்டதாரி ஒருவர் சாட்சியமளித்தார். நீரிற் கிருமி உண்டு என்றார். அதன் இலத்தீன் பெயரையும், அது மனிதனுக்குச் செய்யும் தீங்குகளையும் தடையின்றிச் சொன்னார். பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். எத்தனை மாதிரிகள் எடுத்தீர்? ஒன்று. மழைக்கு முன்னரா, பின்னரா? நினைவில்லை. எடுத்த நீர் எப்பொழுது ஆய்வுகூடத்தை அடைந்தது? மறுநாள். அயலில் மலக்குழி இல்லாத கிணறொன்றின் நீரையும் எடுத்து ஒப்பிட்டீரா? விடையில்லை. எமது கட்சிக்காரர் அரைகுறை இணக்கத்தோடு வீடு திரும்பினார்.

அவ்விளைஞர் பொய் சொல்லவில்லை. அவருடைய பட்டமும் பொய்யன்று. நல்ல வகுப்பிற் பெற்ற பட்டம். அதனை எங்கே பெற்றார் என்பது இங்கு வேண்டா. பரீட்சைகள் தம்மிடம் கேட்டவற்றையெல்லாம் அவர் அறிந்தேயிருந்தார். குறுக்கு விசாரணையிற் கேட்கப்பட்டதைத்தான் எந்தப் பரீட்சையும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, விஞ்ஞானத்தில் விசேட திறமையுடையோரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. திறமையுடையோர் என்றே சட்டம் சொல்கிறது. பட்டமுடையோர் என்று சொல்லவில்லை. 1895 ஆம் ஆண்டில் அச்சட்டத்தை வரைந்தவர்கள் இவ்விரண்டும் வேறு என்பதை அறிந்திருந்தார்கள் போலும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் நமது பீடம். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது வட்டுக்கோட்டையிலே தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு வந்த பீடம் அது. போரையும் இடப்பெயர்வையும் மின்சாரமற்ற ஆண்டுகளையும் கடந்து, தாவரவியலும் விலங்கியலும் கற்பித்துவந்த ஆசிரியர்களுக்கு இக்குடாநாடு கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடப்பாட்டை மறந்து குறைகூற நாம் வரவில்லை. நமது வாசகர்களின் பிள்ளைகள் அங்கே கற்கின்றனர். நமது வாசகர்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் அக்கல்வியின் செலவு இருக்கிறது. ஆதலால், மூன்றாண்டோ நான்காண்டோ கழிந்து வெளிவரும் உயிரியற் பட்டதாரி என்ன செய்ய வல்லவர், அதனை எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இக்கேள்வி அரசாங்கத்தின் தாள்களில் ஏற்கெனவே ஏறிவிட்டது. 2012 இல் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வெளியாயிற்று. 2015 இல் அது திருத்தப்பட்டது. அதன்படி இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டம்; சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். முன்னதற்கு 90 திறமைப் புள்ளிகள், பின்னதற்கு 120. ஒரு புள்ளிக்கு 50 மணி நேரக் கற்றல் எனக் கணக்கிட்டால், பொதுப் பட்டத்துக்கே 4,500 மணி நேரம். அந்நேரத்தின் முடிவில் மாணவர் எய்த வேண்டியவை ‘கற்றற் பேறுகள்’ எனப் பெயர்பெற்று, பன்னிரண்டு வகையாக வகுக்கப்பட்டுள்ளன. பாட அறிவு, செய்முறை, தொடர்பாடல் என்று தொடங்கி ‘வாழ்க்கை நோக்கு’ வரை அப்பட்டியல் நீள்கிறது. வாழ்க்கை நோக்கை எந்த மண்டபத்தில், எத்தனை மணி நேர வினாத்தாளில் அளப்பது என்று நாம் வியந்ததுண்டு. அது நிற்க. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மீளாய்வாளர்கள் வந்து, கோப்புகளைப் புரட்டி, எட்டு அளவுகோல்களின்படி ஒவ்வொரு பட்டநெறிக்கும் தரம் இடுகின்றனர். பேறுகள் எழுதப்பட்டனவா என்றால் எழுதப்பட்டன. எய்தப்பட்டனவா என்பதற்குக் கோப்பு சான்றாகாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும். மாணவனுக்குப் புள்ளியிடுவது வேறு. பட்டநெறியைச் சோதிப்பது வேறு. ஒரு வழக்கிற் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தமை அவ்வழக்கின் முடிவு மாத்திரமே. அந்த நீதிமன்றம் நீதி வழங்குகிறதா என்பதை அறியப் பல வழக்கேடுகளை எடுத்து, பெயரை மறைத்து, வேறொருவர் படித்துப் பார்க்க வேண்டும். அதுபோல, ஒரு மாணவிக்குத் தாவரவியலில் 68 புள்ளி என்றால் அவ்வெண் எதனை உணர்த்துகிறது? இலை அமைப்பை நன்கு வரைந்தாள், புள்ளிவிபரக் கணக்கிற் பிழைவிட்டாள், பரிசோதனையொன்றை வடிவமைக்கவே அவளிடம் கேட்கப்படவில்லை. இம்மூன்றும் சேர்ந்து ஓர் எண்ணாகி, ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. ஆண்டுதோறும் நூறு பேருக்கு இவ்வாறு எண்களை வழங்கிவிட்டு, நமது பட்டதாரிகள் பரிசோதனை வடிவமைக்க வல்லவர்களா என்று கேட்டால், பீடத்திடம் ஓர் எண்ணும் இராது.

அமெரிக்காவில் உயிரியல் ஆசிரியர்கள் 2009 இல் ஒன்றுகூடி, 2011 இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இளமாணி உயிரியலின் அடிப்படைக் கருத்துகள் ஐந்து என்றனர்: கூர்ப்பு, அமைப்பும் தொழிலும், பரம்பரைத் தகவலின் ஓட்டம், சக்தியும் சடப்பொருளும் மாறும் வழிகள், தொகுதிகள். அவற்றோடு ஆறு திறமைகளையும் வகுத்தனர். அறிவியல் முறையைக் கையாளுதல், எண்களைக் கொண்டு நியாயித்தல், சமூகத்தோடு அறிவியலைப் பொருத்திப் பார்த்தல் ஆகியன அவற்றுட் சில. அவர்களும் நம்மைப்போல் பெயர்ப் பட்டியல்களில் மூழ்கியிருந்தவர்களே என்பது ஓர் ஆறுதல்.

அவர்கள் விரும்பிக் கேட்கும் ஒரு கேள்வியை நமது மண்ணில் நட்டுப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் பனங்கொட்டை ஒன்று அறுபதடி மரமாகிறது. அந்நிறை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்று பலரும் சொல்வர். 1990களில் அங்குள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற்றோரிடம் மரத்துண்டொன்றைக் கொடுத்து இவ்வாறு கேட்டபோது, அவர்களுட் சிலர் தடுமாறியது படமாக்கப்பட்டுள்ளது. பெல்ஜிய நாட்டவரான வான் எல்மொன்ற் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் அலரி இன மரமொன்றை ஐந்தாண்டு வளர்த்தார். மரம் 160 இறாத்தலுக்கு மேற் கூடியது. மண் குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்சு. இஃது 1648 இல் அச்சேறிய செய்தி. நிறையெல்லாம் நீர் என்று அவர் முடிவுகட்டியதும் அரைகுறை உண்மையே. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத காபனீரொட்சைட்டே நீரோடு சேர்ந்து மரமாகிறது. பனையை எரித்தபின் எஞ்சும் ஒரு பிடி சாம்பல்தான் மண் கொடுத்த பங்கு. ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை உயர்தரப் பரீட்சையிலேயே பிழையின்றி எழுதிய மாணவனுக்கு இந்த விடை தோன்றாதாயின், அவன் சமன்பாட்டைக் கற்றானேயன்றி ஒளித்தொகுப்பைக் கற்கவில்லை. இத்தகைய கேள்விகள் இருபதை முதலாண்டு மாணவரிடம் வந்த வாரத்திலேயே கேட்டு, அவற்றையே இறுதியாண்டில் திரும்பக் கேட்டால், இடையிலுள்ள கற்பித்தல் என்ன செய்தது என்பது வெளிப்படும். மாணவனுக்கு அதிற் புள்ளி வேண்டா. புள்ளி பீடத்துக்கு.

இன்னொரு கேள்வி நமது பீடத்தின் சொந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. டெங்கு நுளம்பு எந்நீரில் முட்டையிடும்? தேங்கிய நன்னீரில் என்று எழுதியவருக்குப் பல்லாண்டுகளாக முழுப்புள்ளி. நமது விலங்கியலாளர்களோ குடாநாட்டின் கரையோரக் கிணறுகளிலும் கைவிடப்பட்ட பாத்திரங்களிலும் குனிந்து பார்த்தனர். உவர்ப்பு நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் கண்டு 2011 இல் உலகுக்கு அறிவித்தனர். மலேரியா ஒழிந்த நாடு என 2016 இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. நகரக் கிணறுகளில் வளரும் புதிய மலேரியா நுளம்பினம் ஒன்று அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்களாலேயே இவை தெரியவந்தன. இப்பழக்கம் ஆசிரியரிடம் உண்டு. மாணவரிடம் இறங்கியதா என்பதே கேள்வி. சிறப்புப் பட்ட மாணவர் இறுதியாண்டில் ஆய்வொன்று செய்து எழுதுகின்றனர், நன்று. மூன்றாண்டில் வெளியேறுவோருக்கு அவ்வாய்ப்பு அரிது. நமது பாடசாலைகளிற் கற்பிக்கப்போகிறவர்களுட் பலரோ அவர்களே.

கமக்காரர் இதனை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று எவரும் கேளார் என நம்புகிறோம். நமக்கு ஆறில்லை, சுண்ணக்கல்லின் அடியில் மழை விட்டுச்சென்ற நீரே உண்டு. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாய் இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகத்து மின்னிலையத்தின் எண்ணெய் அயற்கிணறுகளிற் கலந்த வழக்கிலே, மாசு உண்டு என்றோர் அறிக்கை, இல்லை என்றோர் அறிக்கை. உயர் நீதிமன்றம் அவற்றைச் சீர்தூக்கி 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அறிக்கையிற் கையொப்பமிடும் விஞ்ஞானி மாதிரியை எங்கே, எப்படி எடுத்தார் என்பதில் ஊரின் குடிநீர் தொங்கிய நாட்களை நாம் மறக்கலாகாது.

மொழிப் பிரச்சினையையும் மறைத்தல் தகாது. நமது மாணவர் உயர்தரம் வரை கலம், கூர்ப்பு, நுணுக்குக்காட்டி என்று தமிழிற் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். உலக நூல்களின் வாயில் ஆங்கிலம். அதனை அடைக்குமாறு நாம் கோரவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதிய விடை தவறும்போது, தவறியது உயிரியலா மொழியா என்று அறிய வழியுண்டா? அதே மாணவரைத் தமிழில் வாய்மொழியாக விளக்கச் சொல்லிப் பாருங்கள். மானிப்பாயில் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்குவித்த மண் இது. தமிழில் விளங்கி ஆங்கிலத்தில் எழுத முடியாதவருக்கு வேண்டியது ஆங்கில ஆசிரியர். இரண்டிலும் விளங்காதவருக்கு வேண்டியது உயிரியல் ஆசிரியர். இருவரையும் ஒரே ‘சித்தியின்மை’யில் அடைப்பது நோயறியாமல் மருந்திடுவதாகும்.

பாடநெறி முடிவில் மாணவரிடம் ‘திருப்தியா?’ என்று படிவம் கொடுத்து நிரப்புவிப்பதைச் சிலர் மதிப்பீடு என்கின்றனர். சட்டத்தரணிகளாகிய நாம் அதனைச் செவிவழிச் சான்றின் வரிசையில் வைப்போம். பயனற்றது என்று தள்ளவில்லை. அதன்மேல் மாத்திரம் தீர்ப்பெழுத முடியாது.

புள்ளியைப் பற்றிப் பேசும்போது நமது நெஞ்சிலுள்ள வடுவையும் சொல்லவேண்டும். 1971 அளவில் மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழி மாணவருக்கு 400 இல் 250 புள்ளியும், சிங்களமொழி மாணவருக்கு 229 புள்ளியும் என்று வகுத்தார்கள். தரப்படுத்தல் எனும் அவ்வநீதியை எதிர்த்த தலைமுறை புள்ளியையே உரிமையின் உருவாகக் கண்டது, அது நியாயமே. ஆனால் வாயிலிற் கேட்ட புள்ளியை உள்ளே புகுந்த பின்னரும் நாம் வணங்கிக்கொண்டே இருந்துவிட்டோம். தனியார் வகுப்பில் மாதிரி விடையை மனனம் செய்த பிள்ளை, பல்கலைக்கழகத்திலும் சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேடுகிறது. குறை பிள்ளையிலா, வினாத்தாளிலா? விஞ்ஞான ஆசிரியர்களாயுள்ள வாசகர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தினதேனும் மூன்றாண்டு வினாத்தாள்களை எடுத்து, வினைச்சொற்களை எண்ணிப் பார்க்கட்டும். ‘விபரிக்க’, ‘பட்டியலிடுக’, ‘பெயரிட்ட படம் வரைக’ எத்தனை? ‘வடிவமைக்க’, ‘இத்தரவு எதனை நிறுவவில்லை எனக் காட்டுக’ எத்தனை?

பீடத்துக்கு நாம் முன்வைப்பது பெருஞ்செலவுக் காரியமன்று. ஒவ்வொரு பேறும் எந்தப் பாடத்திற் கற்பிக்கப்பட்டு எந்த வினாவிற் சோதிக்கப்படுகிறது என ஒரு பக்க அட்டவணை வெளியிடுக. எந்த வினாவும் தொடாத பேற்றை ஒன்றிற் சோதியுங்கள், அல்லது பட்டியலிலிருந்து நீக்குங்கள். இறுதியாண்டு விடைத்தாள்களிலும் ஆய்வேடுகளிலும் முப்பதைச் சீட்டெடுத்து, மாணவர் பெயரையும் பழைய புள்ளியையும் மறைத்து, வெளியாசிரியர் இருவர் தனித்தனியே படிக்கட்டும். இருவரும் முரண்படும் இடத்தில் அளவுகோலையே திருத்த வேண்டியிருக்கும். பட்டம் பெறுமுன் ஒவ்வொருவரும் ஒரு நாளேனும் வெளிக்களத்தில் நிறுத்தப்படட்டும்: முன்பின் அறியாத ஒரு கிணறு, ஒரு வெங்காயத் தோட்டம், அல்லது பண்ணைக் கடலோரத்தில் ஒரு துண்டு. கேள்வியை அவரே எழுப்பி, மாதிரியை அவரே எடுத்து, மறுநாள் மூவர் முன் குறுக்கு விசாரணைக்கு நிற்கட்டும். அம்மூவரில் ஒருவர் அந்நிலத்தின் சொந்தக்காரராயிருந்தால் நாம் பெரிதும் மகிழ்வோம்.

விரிவுரையாளர்களின் சுமையை நாம் அறிவோம். பெருந்தொற்றும் பொருளாதார வீழ்ச்சியும் ஆண்டுக் கணக்கைக் குழப்பின. ஆசிரியர் பலர் கடல் கடந்தனர். இன்னுமொரு படிவம் என்று அவர்கள் சலிப்பது இயல்பு. ஆதலால் பன்னிரண்டையும் ஒரே ஆண்டில் அளக்க முற்பட வேண்டா. இவ்வாண்டு ஒன்றே ஒன்று: பரிசோதனையை வடிவமைக்கும் திறமை. முடிவு நன்றாயினும் தீதாயினும், எவருடைய பெயரும் இன்றி, தமிழில் வெளியிடுங்கள். இப்பக்கத்தில் அதற்கு இடம் உண்டு.